ஓடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: ஊசி எப்போது போட்டாய்?

சுகர் என்று வாயைத் திறந்தாலே நம் ஊரில் எல்லோரும் சொல்கிற அறிவுரை ஒன்றுதான்: "நட, குறையும்." மெடிக்கல் ஷாப்காரர் சொல்வார், பக்கத்து வீட்டு ஆயா சொல்வார், கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வார். மாத்திரையில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு அது நல்ல அறிவுரைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்சுலின் ஊசியை நம்பி வாழ்கிறவர்களுக்கு அது பாதி அறிவுரை. நடந்தால் குறையும், சரி. எவ்வளவு குறையும், எப்போது குறையும், நடக்கும்போதே குறையுமா, வீட்டுக்கு வந்து குளித்த பிறகா, இல்லை நடுராத்திரி தூக்கத்திலா? அந்த மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை.

எனக்கு டைப் 1, அதாவது உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகைச் சுகர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது தெரிய வந்தது. இப்போது கோவையில் இருக்கிறேன். காலையில் ரேஸ்கோர்ஸில் ஓட்டம், சில மாலைகளில் ஷட்டில். ரேஸ்கோர்ஸில் வழக்கமாகப் பார்க்கும் பெரியவர் ஒருவர், என் கையில் ஒட்டியிருக்கும், சுகர் அளக்கும் சென்சாரைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, ஊசி போட்டுக்கறவங்க இப்படி ஓடலாமா?" என்று அக்கறையோடு கேட்டார். ஓடலாம். ஓட வேண்டும் என்றே சொல்வேன். அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். டைப் 1 மட்டும் இல்லை, டைப் 2 வந்து இன்சுலினுக்கு மாறியவர்களுக்கும் இது பொருந்தும். கிளிமிபிரைடு மாதிரியான சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் லோ ஆகும் (சுகர் அளவுக்கு மீறி இறங்கும்) என்பதால் அவர்களும் படிக்கலாம். நான் மருத்துவர் இல்லை. கீழே வரும் எண்கள் எல்லாம் உங்கள் டாக்டரிடம் பேச ஆரம்பிப்பதற்கான எண்கள், அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வதற்கு இல்லை.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சுகர் இல்லாத ஒருவர் ஓட ஆரம்பித்ததும் அவருடைய கணையம் இன்சுலின் சுரப்பைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. சுகரை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் ஏறுகிறது, கல்லீரல் சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோஸை ரத்தத்தில் விடுகிறது, தசை அதை எடுத்துக்கொள்கிறது. விடுவதும் எடுப்பதும் ஏறக்குறைய சமமாகப் போவதால் சுகர் பெரிதாக அசைவதில்லை. எங்களுக்கு அந்தக் குறைக்கிற வசதி கிடையாது. தோலுக்கடியில் போட்ட இன்சுலின், வில்லிலிருந்து கிளம்பிய அம்பு, திருப்பிக் கூப்பிட முடியாது. உடம்பு சூடாகி ரத்த ஓட்டம் கூடும்போது அது இன்னும் வேகமாக உள்ளே போகிறது, அதுவும் தொடையில் போட்டுவிட்டு ஓடினால் கேட்கவே வேண்டாம்.

தசைக்குள் குளுக்கோஸ் போக க்ளூட்-4 என்ற ஒரு புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வர வேண்டும். இன்சுலின் அதை வரவைக்கும். தசை சுருங்கி விரிவதும், இன்சுலின் துணை இல்லாமலேயே, அதை வரவைக்கும். ஊசி போட்டுவிட்டு ஓடும்போது இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. இன்னொரு பக்கம், ரத்தத்தில் இன்சுலின் நிறைய இருக்கும்வரை கல்லீரல் தன் கையிருப்பை வெளியே விடாது. அதனால்தான் இருபது நிமிட நடையில் சுகர் மளமளவென்று இறங்குகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. டொரொன்டோவில் 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். அடுத்த நாலே வருடத்தில், 1926ல், லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ் உடற்பயிற்சி செய்தால் அதே அளவு இன்சுலின் கூடுதலாக வேலை செய்கிறது என்று அளந்து எழுதிவிட்டார். அவருக்கே சர்க்கரை நோய் இருந்தது, 1923 முதல் இன்சுலின் போட்டுக்கொண்டவர். நூறு வருடமாகத் தெரிந்த ஒரு விஷயம் இன்னும் நம் ஓ.பி. சீட்டு வரை வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சரி, இதனால் நடைமுறையில் என்ன மாறுகிறது? ஓடப் போகும் முன் எல்லோரும் பார்ப்பது மீட்டரில் என்ன எண் காட்டுகிறது என்பதை. அதைப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதே அளவுக்கு முக்கியம் கடைசி ஊசி எப்போது போட்டோம், அதில் இன்னும் எவ்வளவு உடம்பில் மிச்சம் இருக்கிறது என்பது. சாப்பாட்டுக்குப் போடும் அதிவேக இன்சுலின் பத்து இருபது நிமிடத்தில் வேலையை ஆரம்பித்து, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை இருக்கும். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் சுகர் 150. எட்டரைக்கு இட்லி சாப்பிட்டு ஊசி போட்டு, பத்து மணிக்கும் அதே 150. இரண்டும் ஒரே எண், ஆனால் ஒன்றே இல்லை. முதல் 150-ல் கிளம்பினால் அரை மணி ஓடிவிட்டு வந்தாலும் எனக்குப் பெரும்பாலும் 140, 145ல் நிற்கும், சில நாள் ஏறிக்கூட இருக்கும். விடியற்காலையில் கார்டிசால் மாதிரி ஹார்மோன்கள் உயர்ந்திருக்கும், உடம்பில் நீண்ட நேர இன்சுலின் மட்டும்தான் இருக்கும், அதனால் கல்லீரல் தன் வேலையைச் செய்ய முடிகிறது. இரண்டாவது 150-ல் கடைவீதிக்கு நடந்துபோய்க் காய்கறி வாங்கி வந்தாலே 80க்கு வந்துவிடும். அதில் ஓடவே தேவையில்லை.

அதனால்தான் இன்சுலின் போடுகிற யாராவது "புதிதாக ஓட ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்" என்று கேட்டால், காலையில், சாப்பிடும் முன், ஊசிக்கு முன் ஆரம்பியுங்கள் என்று சொல்கிறேன். கற்றுக்கொள்வதற்கு அதைவிடப் பாதுகாப்பான நேரம் இல்லை.

எண்கள் கேட்பீர்கள். கனடாவின் மைக்கேல் ரிடெல் தலைமையில் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2017ல் லான்செட் குழும இதழில் ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். டைப் 1 உள்ளவர்களின் உடற்பயிற்சிக்கென்றே எழுதப்பட்டது. ஒரு மணி நேரம் வரையிலான ஓட்டம், சைக்கிள் மாதிரியான பயிற்சிக்குக் கிளம்பும்போது சுகர் 126க்கும் 180க்கும் நடுவில் இருப்பது நல்லது என்கிறது அது. 90க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 90ஐத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். 270க்கு மேல் இருந்தால், அதற்குக் காரணம் தெரியவில்லை என்றால், கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் பயிற்சியே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "சுகர் 350 இருக்கு, ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்தா இறங்கிடும்" என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இன்சுலினே போதாமல் 350க்குப் போயிருந்தால், ஓடினால் அது ஏறும், கீட்டோனும் ஏறும், ஆபத்தாக முடியும்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் பயிற்சி என்றால் அந்தச் சாப்பாட்டுக்கான ஊசியையே குறைக்கலாம் என்பது அதே வழிகாட்டியின் யோசனை. அரை மணி நேர லேசான நடைக்குக் கால் பங்கு, அரை மணி நேர மிதமான ஓட்டத்துக்குப் பாதி, ஒரு மணி நேரம் என்றால் முக்கால் பங்கு வரை. முதல் தடவை கேட்கும்போது முக்கால் பங்கா என்று பயமாக இருக்கும். தசை அந்த நேரத்தில் தன் பங்குக்கு இழுக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். இன்சுலினைச் சிறிது சிறிதாக விடாமல் செலுத்தும் பம்ப் வைத்திருப்பவர்கள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஓடும்போது நிறுத்தினால் ரொம்பத் தாமதம்.

ஊசியைக் குறைப்பது முன்கூட்டியே திட்டமிட்டால்தான் முடியும். "அக்கா, ஒரு ஆள் குறையுது, வாங்க" என்று திடீரென்று ஷட்டிலுக்குக் கூப்பிட்டால் ஊசி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். அப்போது சாப்பிடத்தான் வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படலாம். ஆனால் எடையைக் குறைக்க நடக்கும் ஒருவர், ஒவ்வொரு நடைக்கும் முன்னால் பயந்து பயந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் அந்த நடையின் நோக்கமே கெட்டுவிடும். தினமும் ஒரே நேரத்தில் நடப்பவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது "என்ன சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்" என்பதை இல்லை, "எந்த ஊசியை எவ்வளவு குறைக்கட்டும்" என்பதை.

எல்லா உடற்பயிற்சியும் சுகரைக் குறைக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஷட்டில் ஒரு நல்ல பாடம். கடும் போட்டியாக ஒரு கேம் ஆடிவிட்டு வந்து பார்த்தால் 130ல் இருந்தது 220 ஆகியிருக்கும். வேகமான ஓட்டம், கனமான எடை தூக்குவது, ஜெயித்தே தீர வேண்டும் என்கிற பதற்றம் எல்லாம் அட்ரினலினை ஏற்றும், அட்ரினலின் கல்லீரலில் இருந்து குளுக்கோஸை வெளியே தள்ளும், தசை எடுப்பதைவிட அது அதிகம். அந்த 220ஐப் பார்த்துவிட்டு வழக்கமான கணக்கில் முழு ஊசி போட்டால், அட்ரினலின் அடங்கிய பிறகு சுகர் தலைகீழாக இறங்கும். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, அப்புறமும் இறங்கவில்லை என்றால் வழக்கத்தில் பாதியளவு போடச் சொல்கிறார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. மிதமாகச் சைக்கிள் ஓட்டி முடித்த கையோடு பத்து விநாடி முழு வேகத்தில் மிதித்தால், பயிற்சிக்குப் பிறகு சுகர் மேலும் விழுவது தடுக்கப்படுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2006ல் காட்டினார்கள். எடைப் பயிற்சியை முதலில் செய்துவிட்டு அப்புறம் ஓடினால், ஓடும்போது சுகர் விழுவது குறைகிறது என்று 2012ல் கனடாவில் காட்டினார்கள். காசு செலவில்லை, மருந்து இல்லை, வரிசையை மாற்றுவது மட்டும்தான். ஜிம்முக்குப் போனால் ட்ரெட்மில்லில்தான் முதலில் ஏற்றிவிடுகிறார்கள். எங்களுக்கு அது கடைசியில் வருவது நல்லது.

லோ ஆவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 70க்குக் கீழே போனால் லோ, 54க்குக் கீழே என்றால் தீவிரம். வியர்க்கும், படபடக்கும், கை நடுங்கும், பசிக்கும் என்று எல்லாக் கையேடுகளிலும் போட்டிருக்கும். ஓடும்போது வியர்க்காதா? படபடக்காதா? லோவின் அறிகுறிகள் எல்லாம் ஓட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதனால் ஒவ்வொருவரும் தனக்கென்று வேறு அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எனக்கு உதடு மரத்துப்போகும், ஷட்டிலில் ஸ்கோர் நினைவில் நிற்காது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். என்னோடு ஆடுகிறவர்களிடம் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். ஸ்கோர் கேட்டு நான் முழித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

முந்தைய நாள் லோ ஆகியிருந்தால் மறுநாள் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு தடவை லோ ஆன உடம்பு அடுத்த நாள் பயிற்சியின்போது அட்ரினலினையும் குளுக்ககானையும் வழக்கமான அளவுக்குச் சுரக்காது, எச்சரிக்கையும் மங்கிவிடும். அடுத்தவர் உதவி தேவைப்படும் அளவுக்குத் தீவிரமாக லோ ஆகியிருந்தால் 24 மணி நேரத்துக்குப் பயிற்சியே கூடாது. சென்சார் இருக்கிறதே என்றால், இருக்கிறது, ரொம்ப உதவி, ஆனால் அது அளப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தை. சுகர் வேகமாக இறங்கும்போது அது பின்தங்கியே காட்டும். சென்சாரில் 90, கூடவே கீழ்நோக்கி அம்புக்குறி என்றால் உண்மையில் 70ஆக இருக்கலாம். அதனால் எண்ணைவிட அம்புக்குறியை நம்புகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு சென்சார் மாற்றுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் தெரியும். ஸ்ட்ரிப் மட்டும் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் ஒன்று, நடுவில் ஒன்று, முடித்ததும் ஒன்று என்று முதல் சில வாரங்கள் குத்திப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினால் உங்கள் உடம்பின் போக்கு பிடிபட்டுவிடும்.

லோ ஆனால் 15 கிராம் வேகமான சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடர் அல்லது சாதாரண சர்க்கரை. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும், அவ்வளவு நேரம் நமக்கு இல்லை. குளுக்கோஸ் பவுடரைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி இடுப்புப் பையில் வைத்துக்கொள்கிறேன், வியர்வையில் நனையாமல் இருக்க ஜிப் கவரில். இன்னொன்று, இன்சுலின் பேனாவை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டு விளையாடப் போகாதீர்கள். நம் வெயிலில் அந்த டிக்கி அடுப்பாகிவிடும், மருந்து கெட்டுப்போனது வெளியே பார்த்தால் தெரியாது.

அப்புறம் ராத்திரி. எல்லோரும் விட்டுவிடுகிற பகுதி இதுதான். பயிற்சியில் காலியான தசைக் கையிருப்பை உடம்பு அடுத்த பல மணி நேரம் நிரப்பிக்கொண்டே இருக்கும், அதற்கான குளுக்கோஸ் ரத்தத்திலிருந்துதான் போகிறது. மாலையில் பயிற்சி செய்த பதின்வயதினரை வைத்து ஆஸ்திரேலியாவில் 2007ல் செய்த ஆய்வில், பயிற்சி முடிந்த 7 முதல் 11 மணி நேரத்தில் குளுக்கோஸ் தேவை இரண்டாவது தடவையாக ஏறியது. மாலை ஆறு மணிக்கு ஆடி முடித்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை, எல்லோரும் அசந்து தூங்கும் நேரம். மாலையில் நீண்ட நேரம் ஆடிய நாளில் ராத்திரி நீண்ட நேர இன்சுலினை ஐந்தில் ஒரு பங்கு குறைப்பது ஒரு வழி. டெக்லுடெக் என்ற நீண்ட நேர இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்த வழி சரிவராது. அது 42 மணி நேரத்துக்கு மேல் உடம்பில் இருக்கும் மருந்து, ஒருநாள் குறைத்தால் அன்றைக்கு ராத்திரியே பலன் தெரியாது. அவர்கள் ராத்திரிச் சாப்பாட்டு ஊசியைக் குறைத்து, படுக்கும் முன் ஊசி இல்லாமல் ஏதாவது சாப்பிடலாம். ஆட்டம் முடிந்து மது அருந்தும் பழக்கம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், கல்லீரல் அதைக் கவனிக்கப் போய்விடும், குளுக்கோஸ் விடாது.

இவ்வளவு கணக்குப் பார்த்து விளையாட வேண்டுமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். 1999 ஜனவரி, சேப்பாக்கம் டெஸ்ட். முதுகுவலியோடு 136 எடுத்த சச்சின், சக்லைன் பந்தைத் தூக்கி அடித்துக் கேட்ச் ஆனதும் சென்னையே உறைந்துபோனது நிறையப் பேருக்கு நினைவிருக்கும். அந்தக் கேட்சைப் பிடித்தவர் பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம். அவருக்கு 1997லேயே டைப் 1 வந்துவிட்டது. இன்சுலின் போட்டுக்கொண்டே ஐந்து நாள் ஆட்டங்களில் வேகப்பந்து வீசினார், 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் ஆட்டங்களில் 500 விக்கெட்டைத் தொட்ட முதல் ஆள் ஆனார். அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999ல் வந்தது, அடுத்த வருடம் சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டரில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார், 2004ல் ஏதென்ஸில் மறுபடி தங்கம். இவர்களுக்கு வாய்த்த வசதி நம் பிள்ளைகளுக்கு இல்லை, உண்மை. அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வசதி தேவையில்லை.

இங்கே நிறையக் குழந்தைகள் அரசு மருத்துவமனையில் தரும் 30/70 கலவை இன்சுலினை (30 பங்கு வேகமானது, 70 பங்கு மெதுவானது) காலையும் மாலையும் போட்டுக்கொள்கிறார்கள். பம்ப், சென்சார், சாப்பாட்டு ஊசிக் குறைப்பு என்று எழுதப்படும் எதுவும் இவர்களுக்குப் பொருந்தாது. கலவை ஊசியில் ஒன்றை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது. காலை ஏழு மணிக்குப் போட்ட ஊசியில் இருக்கும் அந்த 70 பங்கு, நாலு மணி நேரம் கழித்து உச்சத்துக்கு வந்து பத்து மணி நேரம் வரை வலுவாக இருக்கும். அதாவது பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் எப்போது வைக்கிறார்கள்? கடைசி பீரியட், மூன்று மூன்றரை மணிக்கு. மதியச் சாப்பாடு கரைந்திருக்கும், ஊசி முழு வேகத்தில் இருக்கும், அப்போது பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறார்கள். அங்கே மயங்கி விழுந்தால், அடுத்த நாளிலிருந்து "நீ மரத்தடியில் உட்கார்ந்துக்கோ" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பி.டி. ஆசிரியர்கள் யாராவது படித்தால், உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் மூன்று மேரி பிஸ்கட்டோ சின்ன வாழைப்பழமோ சாப்பிட அந்தப் பிள்ளைக்கு அனுமதி கொடுங்கள், வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும். உங்கள் விசிலோடு ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கட்டும். தலை சுற்றுகிறது என்றால் தனியாக ஆபீஸ் ரூமுக்கு அனுப்பாதீர்கள், நின்ற இடத்திலேயே உட்காரவைத்துச் சர்க்கரையைக் கொடுங்கள், மீட்டர் இல்லை என்றாலும் கொடுங்கள், பதினைந்து நிமிடம் கூடவே இருங்கள். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள், அன்றும் மறுநாளும் அந்தப் பிள்ளைக்கு ஓய்வு. வெறும் தலைசுற்றலோடு நின்று, சர்க்கரை சாப்பிட்டு, சுகர் 100ஐத் தாண்டிவிட்டது என்றால் அதே பீரியடிலேயே மறுபடி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.